கிட்டார்ப் பிரியரின் கடைத்தெரு

ராக் குழுக்களின் பேரில் விற்கும் கிட்டார்ச் சரக்கெல்லாம் சென்னையில் ஒரே கடையில் கிடைத்துவிடாது. கம்பி, பிக், கேப்போ வாங்க ஒரு பக்கம் போக வேண்டும். பாட்டுப் புத்தகத்துக்கு வேறொரு பக்கம். பழைய இசைத்தட்டு, சுவரொட்டி, கையெழுத்துப் போட்ட படம் என்று ரசிகர்கள் சேர்த்துவைக்கும் நினைவுப்பொருள்களுக்கு இன்னொரு பக்கம். இந்தத் திசைகள் பிரியும் முனையில் இருக்கிறது யானைக்கவுனி. பதினெட்டாம் நூற்றாண்டில் கறுப்பர் நகரத்துக்கு எழுப்பிய மதிலின் வாசல்களில் ஒன்று அது. மதிலும் போயிற்று, வாசலும் போயிற்று. மதிலுக்காக விதிக்க நினைத்த வரியின் பெயர் மட்டும் வால்டாக்ஸ் சாலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து தெற்கே சென்ட்ரல் ரயில் நிலையம், அதைத் தாண்டினால் அல்லிக்குளம், அப்புறம் அண்ணா சாலை. கிழக்கே தங்கசாலை, பாரிமுனை, பர்மா பஜார், துறைமுகம். மேற்கே தண்டவாளங்களைக் கடந்தால் சூளையும் வேப்பேரியும்.

பாட்டுப் புத்தக வியாபாரம் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. கந்தகோட்டத்தை ஒட்டிய பூங்கா நகரின் குஜிலிக் கடைவீதி ஒரு காலத்தில் காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்களுக்குப் பேர்போனது. ரயில் விபத்தோ கொலை வழக்கோ புயலோ வெள்ளமோ, எது நடந்தாலும் சிந்தாகி, மலிவுத் தாளில் அச்சாகி, தெருமுனைக்கு வந்துவிடும். வால்டாக்ஸ் சாலையின் ஒற்றைவாடைக் கொட்டகையில் நாடகம் பார்க்கப் போனவர்களுக்கு நாடகப் பாட்டுப் புத்தகம் பழக்கம். 1931 அக்டோபர் 31 அன்று ‘காளிதாஸ்’ இந்தப் பக்கத்துக் கினிமா சென்ட்ரல் அரங்கில் வெளியானதோடு தமிழ்ப் பேசும்படக் காலம் பிறந்தது. சினிமாப் பாட்டுப் புத்தகமும் பின்னாலேயே வந்தது. கதைச் சுருக்கத்தைச் சொல்லிக்கொண்டே போய், முக்கியமான இடத்தில் மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று நிறுத்திவிடும் அந்தச் சிறு புத்தகங்கள் இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலையும் பொருளாகிவிட்டன.

ராக் குழுவின் பாட்டுப் புத்தகம் வேறு சாதி. தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தில் வரிகள் மட்டும் இருக்கும். மெட்டு வாங்குபவர் காதில் ஏற்கெனவே இருக்கிறது என்பது கணக்கு. மேல்நாட்டுப் புத்தகத்தில் மெட்டும் தாளில் இருக்கும். அதிலும் எந்த வகையில் எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் வாங்கினால், வீட்டுக்கு வந்த பிறகு அது அலமாரிக்குத்தான் போகும்.

பழைய வகை, பியானோவுக்கும் பாடகருக்கும் எழுதியது. ஐந்து கோட்டு இசைக்குறிப்பு, அதன் கீழே வரிகள், மேலே கிட்டார்க் கார்டுகளைக் காட்டும் சிறு கட்டங்கள். 1960களிலும் 70களிலும் வந்த பீட்டில்ஸ் புத்தகங்கள் பெரும்பாலும் இந்த ரகம். இசைத்தட்டில் உள்ள சுருதியில் இல்லாமல் பியானோவுக்கு வசதியான வேறொரு சுருதிக்கு மாற்றி எழுதியிருப்பதும் உண்டு. புத்தகத்தைப் பார்த்து வாசித்தால் தட்டோடு சேராது. கிட்டாரைத்தான் பழிப்பார்கள், பாவம்.

இரண்டாவது வகை, பாட்டின் வரிகளுக்கு மேல் கார்டுகளின் பெயரை மட்டும் எழுதியது. நண்பர்கள் கூடிப் பாடுகிற இடத்துக்கு இதுவே போதும். தேவாலயப் பாடற்குழுக்களிலும் கல்லூரி விடுதிகளிலும் கையால் எழுதிக் கைமாறிய நோட்டுகள் எல்லாம் இந்த வகைதான்.

மூன்றாவது, டேப்ளேச்சர், சுருக்கமாக டேப். ஆறு கோடுகள் ஆறு கம்பிகள். மேற்கோடு மிக மெல்லிய கம்பி, கீழ்க்கோடு மிகத் தடித்த கம்பி. கோட்டின் மேல் உள்ள எண், எந்தக் கட்டையில் விரலை அழுத்த வேண்டும் என்பதைச் சொல்லும். சுழி என்றால் அழுத்தாமல் மீட்ட வேண்டும். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாதவரும் ஒரு மாலைக்குள் கற்றுக்கொள்ளலாம் என்பது அதன் பலம். எண் மட்டும் எழுதிய டேப்பில் ஒவ்வொரு சுரமும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது தெரியாது, அது பலவீனம். ஆகவே நல்ல பதிப்புகளில் மேலே இசைக்குறிப்பு, கீழே டேப் என இரண்டையும் சேர்த்தே அச்சிடுவார்கள். அமெரிக்காவின் ஹால் லியோனர்ட் நிறுவனம் இசைத்தட்டில் கேட்கும் கிட்டாரை அப்படியே எழுதித்தரும் புத்தக வரிசையால் பெயர் பெற்றது. இந்த வகையின் உச்சம் என்று பீட்டில்ஸ் குழுவின் முழுப் பாடல்களையும் கிட்டார், பேஸ், டிரம்ஸ், குரல் என்று ஒவ்வொரு கருவியாகக் கேட்டு எழுதிய ‘கம்ப்ளீட் ஸ்கோர்ஸ்’ தொகுப்பைச் சொல்லலாம். முதலில் ஜப்பானில் வெளியான அது ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். தொடங்குபவருக்கு அது வேண்டாம், எடைதான் மிஞ்சும்.

தேர்வுக்காக வாங்கும் புத்தகங்கள் தனி. சென்னையில் இந்த வியாபாரத்தின் மூத்த பெயர் அண்ணா சாலையின் மியூசி மியூசிக்கல். 1842இல் மிஸ்கித் என்பவர் பெயரில், பியானோ, ஆர்கன் விற்பனையாகத் தொடங்கிய கடை அது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வுகளோடு நீண்ட காலத் தொடர்பு கொண்டது. சினிமாவுக்கு வந்த பிறகும் மேற்கத்திய இசையை விடாமல் படித்த இளையராஜா, டிரினிட்டியின் கிளாசிக்கல் கிட்டார்த் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர் என்பது ஊரறிந்த செய்தி. கிளாசிக்கல் மட்டும்தான் படிப்பு என்ற நிலை இப்போது இல்லை. பிரிட்டனில் 1991இல் தொடங்கிய ராக்ஸ்கூல், ராக் வாசிப்புக்கே தனித் தேர்வுகளைக் கொண்டுவந்தது. டிரினிட்டியும் 2012இல் ராக் அண்ட் பாப் தேர்வுகளை அறிமுகப்படுத்தியது. தொடக்க நிலையும் எட்டு கிரேடுகளும் கொண்ட இந்தத் தேர்வுகளுக்குரிய புத்தகங்களில் உண்மையான குழுக்களின் பாடல்கள் இருக்கும். பாடத்திட்டம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும் என்பதால், அண்ணன் படித்த புத்தகம் தம்பிக்கு உதவாமல் போகலாம். முன் அட்டையில் உள்ள ஆண்டைப் பார்த்து, ஆசிரியரிடம் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

பழைய புத்தகத்துக்கு அல்லிக்குளம். சென்ட்ரல் பக்கத்தில் 1900 முதல் இயங்கிய மூர் மார்க்கெட்டில் கிடைக்காத புத்தகமும் இசைத்தட்டும் இல்லை என்று பழைய சென்னைக்காரர்கள் சொல்வார்கள். 1985 மே மாதம் அது எரிந்துபோனது. அங்கிருந்த வியாபாரிகளில் பலர் குடியேறிய இடம்தான் அல்லிக்குளம் வணிக வளாகம். பள்ளிப் பாடநூல்கள்தான் இப்போது அங்கே அதிகம் விலைபோகின்றன. ஆனாலும் பொறுமையாகத் துழாவுபவர் கையில் எப்போதாவது ரால்ஃப் டென்யரின் ‘கிட்டார் ஹேண்ட்புக்’ சிக்கலாம். 1982இல் வந்த அந்தப் புத்தகம் கிட்டாரின் உடலமைப்பு, கார்டுகள், பராமரிப்பு, பெருங்கலைஞர்களின் வாசிப்பு ஆகிய எல்லாவற்றையும் ஒரே அட்டைக்குள் தருவது. பழையதாக வாங்கினாலும் பயன் குறையாது. நகலெடுத்துச் சுருள்கம்பி போட்டு விற்கும் புத்தகங்களும் உலவுகின்றன. பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் இந்தியச் சட்டப்படி, படைத்தவர் ஆயுளோடு மேலும் 60 ஆண்டு காப்புரிமை உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்க, நகலின் நகலில் மூன்றுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. டேப் புத்தகத்தில் அதைவிடப் பெரிய குறை வேறில்லை.

தமிழ்ச் சினிமாப் பாட்டுகளுக்கு இந்தத் தரத்தில் அச்சுப் புத்தகங்கள் அருமை. ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ வந்தது 1982இல். கிட்டார் கற்கும் தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் முதலில் கேட்பது அதன் தொடக்க இசையைத்தான். அந்த அளவு புகழ்பெற்ற வாசிப்பையே செவிவழியாகவோ ஆசிரியரின் நோட்டுவழியாகவோதான் பெரும்பாலோர் கற்கிறார்கள். நம் பதிப்பாளர்கள் கவனிக்காமல் விட்ட சந்தை இது.

கிட்டாரின் உதிரிச் சாமான்களில் முதலிடம் கம்பிக்கு. கம்பி வாங்கும்போது நேரும் பெருந்தவறு, நைலான் கம்பிக்குச் செய்த கிளாசிக்கல் கிட்டாரில் எஃகுக் கம்பியை மாட்டுவது. நைலான் கம்பிகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 40 கிலோ. எஃகுக் கம்பிகளில் அது 70 கிலோவைத் தாண்டும். சில வாரங்களில் பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும், அல்லது கழுத்து வளைந்துவிடும். தலைப்பகுதியில் இரண்டு நீளத் துளைகள் இருந்து, முறுக்காணிகளின் உருளைகள் வெள்ளையாகத் தடித்திருந்தால் அது பெரும்பாலும் நைலான் கிட்டார்.

அடுத்தது தடிமன். கடைக்காரர் ‘நைன்’, ‘டென்’ என்று கேட்பது மிக மெல்லிய கம்பி அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பதை. எலக்ட்ரிக் கிட்டாருக்கு 9 முதல் 42 வரை, அல்லது 10 முதல் 46 வரை உள்ள தொகுப்புகள் வழக்கம். எஃகுக் கம்பி அக்கூஸ்டிக்குக்கு 11 அல்லது 12இல் தொடங்குபவை. புதிதாகக் கற்பவரின் விரல் நோகாமல் இருக்க மெல்லியதே சரி. அக்கூஸ்டிக்கில் தடித்த கம்பிகள் வெண்கலம் சுற்றியவை. எலக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் காந்தத்தால் வேலை செய்வது, அதற்கு நிக்கல் பூசிய எஃகு வேண்டும். பெயர்பெற்ற கம்பிகளுக்குப் போலிகளும் உண்டு. உறையின் அச்சு மங்கலாக இருந்து, விலை மற்றக் கடைகளில் பாதியாக இருந்தால் வாங்காமல் திரும்பிவிடலாம். பழைய உறையைக் கையோடு எடுத்துப்போனால் பேச்சு மிச்சம்.

கம்பிக்கு வடசென்னையில் இன்னொரு எதிரி உண்டு, உப்புக் காற்று. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி வசிப்பவர்களின் கம்பிகள் கடலைவிட்டுத் தள்ளி இருப்பவர்களுடையதைவிடச் சீக்கிரம் கறுத்துத் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியை மேலும் கீழுமாகத் துடைப்பது செலவில்லாத மருந்து. மெல்லிய பாலிமர் பூச்சுள்ள கம்பிகள் இரண்டு மடங்கு விலை சொன்னாலும் கடலோரத்தில் அந்தக் காசு வீணாகாது. மரத்துக்கும் ஈரப்பதம் ஆகாது. காற்றில் 45 முதல் 55 சதவீத ஈரம் கிட்டாருக்கு நல்லது என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் அது நடக்காத காரியம். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவைக்கலாம். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிட்டாரை விட்டுவிட்டுப் போவதுதான் எல்லாவற்றிலும் மோசம். பசை இளகிவிடும்.

பிக் மலிவான பொருள், பலரும் யோசிக்காமல் எடுப்பார்கள். மெல்லியது கார்டு வாசிக்க, தடித்தது தனிச்சுர வாசிப்புக்கு என்பது பொதுவிதி. டன்லப் நிறுவனத்தின் டார்டெக்ஸ் வகையில் நிறமே தடிமனைச் சொல்லும்: மஞ்சள் 0.73 மில்லிமீட்டர், பச்சை 0.88, நீலம் 1.0. ‘குயின்’ குழுவின் பிரையன் மே பிக்குக்குப் பதிலாகப் பழைய ஆறு பென்னி நாணயத்தால் வாசிப்பவர். ஆமையோட்டுப் பிக் என்று யாராவது பழையதைக் காட்டினால் தொடக்கூடாது. அழுங்காமையின் ஓட்டை வாங்குவதும் விற்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

எலக்ட்ரிக் கிட்டாருக்கு மாறியதும் கடைத்தெருவும் மாறிவிடும். அண்ணா சாலைப் பக்கத்து ரிச்சி தெரு மின்னணுச் சாமான்களுக்குப் பேர்போனது. கால் அங்குல ஜாக்கும் மீட்டர் கணக்கில் வயரும் வாங்கி, பற்றவைக்கத் தெரிந்தவர் தன் கேபிளைத் தானே செய்துகொள்ளலாம். அடாப்டர் வாங்கும்போது ஒரு கவனம். கிட்டார்ப் பெடல்களில் பெரும்பாலானவற்றுக்கு 9 வோல்ட், நடுமுனை எதிர்மின். கடையில் கிடைக்கும் சாதாரண அடாப்டர்களில் நடுமுனை பெரும்பாலும் நேர்மின். மாற்றிச் செருகினால் பெடல் கருகலாம். அமெரிக்காவில் உள்ள உறவினர் கொண்டுவந்த ஆம்ப் அந்த ஊரின் 120 வோல்ட்டுக்குச் செய்தது, இங்கே 230. மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் முதல் நொடியிலேயே புகை.

மலிவான கிட்டார் பற்றியும் ஒரு வார்த்தை. கல்கத்தா கிட்டார்களான கிவ்சன், அவற்றோடு ஹாப்னர் போன்ற பெயர்கள் பல தலைமுறை இந்தியர்களுக்கு முதல் கிட்டார். அமெரிக்க கிப்சனையும் ஜெர்மனியின் ஹோஃப்னரையும் நினைவூட்டும் பெயர்கள் இவை. அந்த நிறுவனங்களின் தயாரிப்புகள் அல்ல. குறைவாகப் பேசப்படும் கருவிகள்தான், ஆனாலும் இவற்றைத் தாங்கித்தான் இந்திய ராக் நடைபழகியது.

நினைவுப்பொருள் வியாபாரத்துக்கு வந்தால், பணமும் அதிகம், பொய்யும் அதிகம். உச்சத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு இரண்டு உதாரணம் போதும். 2019 ஜூனில் ‘பிங்க் ஃபிளாய்ட்’ குழுவின் டேவிட் கில்மோர் தன் கிட்டார்களை நியூயார்க்கில் ஏலம் விட்டார். கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்று மட்டும் சுமார் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. மொத்தத் தொகை பருவநிலை வழக்குகளை நடத்தும் அறக்கட்டளைக்கு. மறு ஆண்டே ‘நிர்வாணா’வின் கர்ட் கோபைன் 1993இல் எம்டிவி அன்பிளக்ட் நிகழ்ச்சியில் வாசித்த மார்ட்டின் கிட்டார் 60 லட்சம் டாலரைத் தொட்டது. இவை விலைபோவது மரத்துக்காக அல்ல, சான்றுக்காக. ஒளிப்படத்தில் தெரியும் கீறலும் கையில் உள்ள கருவியின் கீறலும் ஒன்றே என்று காட்ட முடிந்தது. பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹோஃப்னர் பேஸ் 1972இல் லண்டனில் திருட்டுப்போய், அரை நூற்றாண்டு கழித்து ஒரு வீட்டின் பரணிலிருந்து வெளிவந்து உரியவரிடம் சேர்ந்ததும் அப்படித்தான் உறுதியானது.

சாதாரண ரசிகரிடம் வரும் பொருள்களில் அந்தச் சான்று இருப்பதில்லை. கையெழுத்துப் போட்ட கிட்டார் என்பது பெரும்பாலும் மலிவுக் கிட்டாரின் முகத்தில் திருகிய ஒரு பிளாஸ்டிக் தகடு. தகட்டில் தனியாகக் கையெழுத்து வாங்கி, எந்தக் கிட்டாரிலும் மாட்டிக்கொள்ளலாம். அந்தக் கலைஞர் அதைத் தொட்டிருக்கக்கூட மாட்டார். பீட்டில்ஸ் கையெழுத்தில் இன்னொரு சிக்கல். குழுவின் உதவியாளர்களான நீல் ஆஸ்பினாலும் மால் எவான்ஸும் நால்வருக்கும் சேர்த்துத் தாங்களே கையெழுத்திட்டுக் கொடுத்தது நடந்திருக்கிறது. ஆகவே 1964ஆம் ஆண்டுத் தாள், அந்தக் காலத்து மை, குழுவோடு இருந்தவரிடமிருந்தே வாங்கியது என்று எல்லாம் சரியாக இருந்தாலும் கையெழுத்து மட்டும் போலியாக இருக்கலாம். மேடையிலிருந்து வீசிய பிக் என்பதும் இப்படியே. அதே பெயர் அச்சிட்ட பிக்குகள் ரசிகர் கடையில் பொட்டலமாகவே விற்பனையாகும். வாங்கும் பொருளோடு ஒரு கடிதம், ஒரு படம், ஒரு ரசீது எதுவும் வராவிட்டால் அலங்காரப் பொருளுக்குரிய விலைக்கு மேல் கொடுக்கக்கூடாது. ‘நம்பகச் சான்றிதழ்’ என்று பொன்னெழுத்தில் அச்சடித்த அட்டையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

சட்டையிலும் இதே கதை. குழுவின் பெயர் போட்ட கறுப்பு டிசர்ட் பாரிமுனை நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும். உடுத்த வாங்கினால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘பழைய காலத்து அசல்’ என்று விலை சொன்னால் கை ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். 1990களின் நடுப்பகுதிக்கு முன் அமெரிக்காவில் தைத்த சட்டைகளில் ஓரத் தையல் பெரும்பாலும் ஒற்றைக் கோடு, பிறகு வந்தவற்றில் இரட்டைக் கோடு.

இந்தியாவிலேயே அசலாகக் கிடைக்கக்கூடியவை வேறு பொருள்கள், சேகரிப்பாளர் தேட வேண்டியதும் அவற்றைத்தான். முதலாவது, கிராமபோன் கம்பெனி கல்கத்தாவின் டம்டம் ஆலையில் அச்சிட்ட இசைத்தட்டுகள். பீட்டில்ஸ் முதல் பல குழுக்களின் தட்டுகள் அங்கே அச்சாகி இந்தியா முழுதும் விற்றன. இந்திய அச்சு என்பதாலேயே அவற்றை வெளிநாட்டவர் தேடி வாங்குகிறார்கள். 1970, 71இல் சிம்லா பீட் இசைப் போட்டியில் வாசித்த இந்தியக் குழுக்களின் பாட்டுகளைத் தொகுத்து வந்த இரு தட்டுகளும் அப்படியே. அவற்றின் மூலப் பதிப்பு இன்று லேசில் கிடைக்காது. இசைத்தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். மேலோட்டமான கீறல் கண்ணுக்குத்தான் தெரியும், நகம் மாட்டினால் காதுக்கும் தெரியும். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த உறை சென்னையில் சகஜம், அதற்கு விலை குறைத்துக் கேட்பதும் சகஜம்.

இரண்டாவது, தாள். 1967 முதல் 1977 வரை வந்த ‘ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்’, பிற்காலத்தில் ‘ஜே.எஸ்.’, இளைஞர்களின் சுவரில் பாடகர்களை ஒட்டவைத்த இதழ். 1993இல் அலகாபாத்தில் தொடங்கிய ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ இந்தியக் குழுக்களைப் பற்றி எழுதவென்றே வந்தது. நிகழ்ச்சிச் சீட்டுகளும் தாள்தான். 2007 மார்ச்சில் ‘அயர்ன் மெய்டன்’ பெங்களூர் வந்தபோதும், 2011 அக்டோபரில் ‘மெட்டாலிகா’ வந்தபோதும் சென்னையிலிருந்தும் ரசிகர்கள் ரயிலேறிப் போனார்கள். மெட்டாலிகா அதற்கு இரண்டு நாள் முன் குர்கானில் வாசித்திருக்க வேண்டும். அந்த நிகழ்ச்சி ரத்தாகிவிட்டது. நடக்காத நிகழ்ச்சியின் கிழிக்காத சீட்டு, நடந்த நிகழ்ச்சியின் சீட்டைவிடச் சுவையான சேகரிப்பு.

மூன்றாவது பொருளைக் கிட்டார்ப் பிரியர்கள் பலர் கவனிப்பதில்லை: மரம். உலகின் நல்ல அக்கூஸ்டிக் கிட்டார்கள் பலவற்றின் முதுகும் பக்கமும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம், அதாவது தோதகத்தி. பிரேசில் ஈட்டி கிடைப்பது அரிதானதும் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. விரல்பலகைக்குத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் கருங்காலியும் உதவும். 2011 ஆகஸ்டில் அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் ஆலைகளில் சோதனையிட்டு, இந்தியாவிலிருந்து போன ஈட்டியையும் கருங்காலியையும் கைப்பற்றினார்கள். மறு ஆண்டு கிப்சன் 3 லட்சம் டாலர் அபராதம் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. திரும்பக் கிடைத்த மரத்தைக் கொண்டு ‘கவர்ன்மென்ட் சீரிஸ்’ என்று கேலியாகப் பெயரிட்டு ஒரு கிட்டார் வரிசையையே விற்றது. நம் பக்கத்து மரத்தைப் பற்றிய வழக்கே விலைப்பொருளான கதை அது.

மரத்தைப் பற்றிய சட்டங்கள் கிட்டார் வாங்குபவரையும் தொடும். பிரேசில் ஈட்டியில் செய்த பழைய கிட்டாரை உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுவர முடியாது. 1992 முதல் அந்த மரம் மிகக் கடுமையான பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. மற்ற ஈட்டி வகைகள் 2017 தொடக்கத்தில் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டில் ஈட்டி மரத்தை அனுமதியின்றி வெட்டுவதற்கு 1994ஆம் ஆண்டின் தனிச் சட்டமே நெடுங்காலம் தடையாக இருந்தது. யாராவது ‘வீட்டு மரத்தில் கிட்டார் செய்து தருகிறேன்’ என்றால் மரத்தின் சீட்டைக் கேட்பது தப்பல்ல.

கடைசியாக, வடசென்னையின் சொந்தச் சரக்கு. பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் ஆடிய நடன மாலைகளில் கிட்டார்க் குழுக்கள் வாசித்தன. சிவமணி, ஜான் ஆன்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோரோடு ‘ரூட்ஸ்’ என்ற குழுவில் கீபோர்டு வாசித்த இளைஞர் பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மான் ஆனார். பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1960களின் இறுதியில் கடற்கரைச் சாலையோரம் எழுந்த பர்மா பஜாரிலிருந்து ஒலிநாடாக்களும் பின்னர் குறுந்தட்டுகளும் இந்த இசையை வீடுகளுக்குக் கொண்டுபோயின. 2018 ஜனவரியில், பா. இரஞ்சித்தின் முயற்சியில் இசையமைப்பாளர் தென்மாவோடு உருவான ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியபோது, கானாவும் பறையும் எலக்ட்ரிக் கிட்டாரும் ஒன்றாக ஒலித்தன. இவற்றின் நோட்டீஸ், சீட்டு, ஒலிநாடா உறை, மேடையில் தாளில் எழுதி ஒட்டிவைத்த பாட்டு வரிசை ஆகியவைதான் இந்த ஊரில் போலி செய்யப்படாத நினைவுப்பொருள்கள். போலி செய்ய ஆளில்லாததற்குக் காரணம், விலை கேட்க ஆளில்லாததுதான். லண்டன் கையெழுத்துக்குக் கொடுக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு ஒரு நல்ல உள்ளூர்த் தொகுப்பு சேர்ந்துவிடும், அதில் ஏமாறவும் இடமில்லை.

தாளாக இருப்பவை முதலில் போய்ச்சேரும் இடம் பழைய பேப்பர் கடை, கருவியாக இருப்பவை காயலாங்கடை. அதற்கு முன் ஒருமுறை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பார்க்கலாம். கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியாளாகச் சேர்த்த தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு 1994இல் தொடங்கிய அந்த நூலகத்தில் குஜிலிப் பாட்டுப் புத்தகமும் நாடக நோட்டீஸும் சினிமாப் பாட்டுப் புத்தகமும் பத்திரமாக இருக்கின்றன. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ போன்ற ஆய்வுகள் நம் கைக்கு வந்ததும் ஒரு காலத்தில் யாரோ இந்தக் காலணாப் புத்தகங்களைத் தூக்கிப் போடாமல் வைத்ததால்தான். வீட்டுப் பரணில் 1970களின் நடன மாலை நோட்டீஸோ, கல்லூரி ராக் நிகழ்ச்சிச் சீட்டோ, கையால் எழுதிய கார்டு நோட்டோ இருப்பவர்கள், எடைக்குப் போடும் முன் அதன் பின்புறத்தில் ஆண்டையும் இடத்தையும் பென்சிலில் எழுதிவைத்தால் போதும்.